அண்ணனும் மலைமுல்லைப் பூவும்

அன்புள்ள உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் கதையை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அண்ணன் இறைவனிடம் போய்ச் சேர்ந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. காலையில் பூசை கண்டு, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் கைகளில் இந்தச் சிறு நினைவு மலரை வைக்கிறோம். எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடத் தெரியும், அதட்டத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "நீ பேசற பேச்சுல பாதிய எழுதுனாலே புஸ்தகம் நிறைஞ்சிரும், எழுது பாப்பா" என்றார் அண்ணி. வீட்டில் எல்லாருக்கும் இந்த வயதிலும் நான் பாப்பாதான். அண்ணன் வைத்த பெயர் அது.

அண்ணன் பிறந்தது சேலத்துக்கு மேலே மலையில், நாகலூருக்கு அருகில் ஓர் எஸ்டேட் குவார்ட்டர்ஸில். எங்கள் அப்பா அந்த எஸ்டேட்டில் ரைட்டர். எத்தனை ஆள் வேலைக்கு வந்தது, யார் எந்தக் காட்டில் காப்பி பறித்தது என்று கணக்கு எழுதும் வேலை. பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். எனக்கும் அண்ணனுக்கும் நிறைய வயது வித்தியாசம். ஆகவே அவர் எனக்கு அண்ணனாக இருந்ததைவிட அப்பாவாக இருந்ததுதான் அதிகம்.

சேலம் கல்லூரியில் அண்ணன் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தபோது மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அப்பா இறந்தார். அடக்கம் முடிந்த கையோடு எஸ்டேட் முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, அப்பாவின் வேலையைப் பார்க்கிறாயா, குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொள்ளலாம் என்று கேட்டார். அண்ணன் கல்லூரிக்குத் திரும்பிப் போகவே இல்லை. அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. நான் நர்சிங் படித்ததும், அம்மா கடைசிவரை யாரிடமும் கையேந்தாமல் இருந்ததும் அண்ணன் படிப்பை விட்டதனால்தான். அவர் இருக்கும்போது ஒருமுறையாவது இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

கல்லூரியை விட்டார், சரித்திரத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு பையை மாட்டிக்கொண்டு மலையில் எங்காவது கிளம்பிவிடுவார். வயற்காட்டு ஓரத்திலும் புதரிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களைத் தேடித் தேடிப் போவார். பழைய எழுத்துகளைப் படிக்க நூலகத்துப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தானே கற்றுக்கொண்டார். எழுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கல்லின்மேல் சுண்ணாம்புப் பொடியைத் தூவித் தேய்ப்பார். ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துவிட்டு, "ரைட்டரய்யா கல்லுக்குப் பவுடர் போட்டுட்டு இருக்கறாருங்க" என்று எங்கள் வீட்டில் வந்து சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அண்ணி இதைக் கேட்டு மிரண்டுபோனார். பிறகு அவரே பொடியை மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கற்களிலிருந்துதான் அண்ணனின் கதைகள் பிறந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் முதல் கதை வந்தது. சோழர் காலத்தில் இந்த மலைக்கு வரி எழுத வந்த அதிகாரி ஒருவன் செத்துக் கிடக்கிறான். பூதன் என்ற ஓலைக் கணக்கன் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கிறான். வாசகர்களுக்குப் பூதனைப் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்துத் தொடர்கதைகள் வந்தன. பகலெல்லாம் ஆள்கணக்கு, மாலையில் கொலைக்கணக்கு என்று அண்ணி கேலி செய்வார். பங்குச் சாமியார் கூட ஒருமுறை, "நல்ல குடும்பத்துப் பிள்ளை, எப்பப் பார்த்தாலும் கொலையா எழுதிட்டு இருக்கியேப்பா" என்று கடிந்துகொண்டார். "சாமி, வேதத்துல வர்ற மொதக் குடும்பத்துலயே ஒரு கொலை நடந்துருச்சே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அண்ணன். சாமியார் சிரித்துவிட்டு, அடுத்த வாரப் பத்திரிகையைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.

கதையில் கொலை கற்பனை, மற்றதெல்லாம் நிசம் என்பது அண்ணனின் பிடிவாதம். அந்தக் காலத்தில் மிளகாய் இல்லை என்பதால் அவர் கதையில் யாரும் மிளகாய் கடிக்க மாட்டார்கள். ஒரு மன்னன் எந்தக் கையில் வாள் பிடித்தான் என்பதற்காக மூன்று பஸ் மாறி ஒரு சிற்பத்தைப் பார்க்கப் போனவர் அவர். "கொலை பொய்யா இருக்கலாம் பாப்பா. கல்லும் மரமும் பொய்யா இருக்கக் கூடாது. அப்புறம் எவன் நம்புவான்?" என்பார். எனக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் 'மலைமுல்லை சாட்சி' என்ற தொடரை எழுதினார். இந்த மலையிலேயே நடக்கும் கதை. பத்திரிகை வரும் நாளில் சேலம் பஸ் நாகலூரில் நின்றதும் யாராவது பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு ஓடி வருவார்கள். காப்பிக்கொட்டையில் கல்லும் கறுப்புக் கொட்டையும் பொறுக்கும் ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எழுத்துத் தெரிந்த ஒருத்தி சத்தம் போட்டுப் படிப்பாள், மற்றவர்கள் கை நிற்காமல் கேட்பார்கள். படித்து முடித்ததும் அங்கேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும்.

அதில் வாய் அதிகம் சின்னப்பொண்ணுக்கு. கொட்டச்சேட்டிலிருந்து வேலைக்கு வந்தவள். அண்ணன் ஷெட்டுக்குள் தலையைக் காட்டினால் விடமாட்டாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, கொன்னது அந்த அரமனைக் கணக்கப்புள்ளதானுங்களே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க."

"கணக்கப்புள்ளைன்னா என்னையாட்டம் ஆளுதானே? என்னையவே புடிச்சுக் குடுக்கறியா?"

"அப்ப அந்தச் சின்ன ராணிங்களா?"

"கொட்டையப் பொறுக்கு சாமி. கடைசி வாரம் நானே சொல்றேன்."

கடைசி வாரமும் வந்தது. கோடை மழை பெய்து சில நாளில் மலைச்சரிவு முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துபோகும் வெள்ளைப் பூ ஒன்று கதையில் வருகிறது. அதன் பெயர் மலைமுல்லை. கொலை நடந்த அன்று தான் மலைக்கே வரவில்லை, கீழே ஊரில் இருந்தேன் என்று சாதிக்கிறான் தளபதி. அவன் தலைப்பாகை மடிப்பில் வாடிய மலைமுல்லை இதழ்களையும் அதன் மணத்தையும் வைத்துப் பூதன் அவனைப் பிடித்துவிடுகிறான். மலையில் இருக்கும் எங்களுக்கு அது எந்தப் பூ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. காப்பிப்பூதான் அது. "நம்ம காப்பிப்பூவு கொலகாரனக் காட்டிக் குடுத்துருச்சுங்க!" என்று சின்னப்பொண்ணு ஷெட்டே அதிரக் கத்தினாள். அன்றைக்கு அண்ணன் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை நான் அதன் பிறகு பார்க்கவில்லை.

தொடர் முடிந்த சில வாரங்களில் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற பேராசிரியராம். மலைமுல்லை என்று கதாசிரியர் வர்ணிப்பது காப்பிச் செடியைத்தான். அந்தச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். சோழர் காலத்தில் அங்கே ஒரு காப்பிச் செடி கூட இருந்திருக்க முடியாது. ஆகவே தளபதி நிரபராதி என்று எழுதியிருந்தார். பூதன் காலையில் எழுந்து டபரா செட்டில் காப்பி குடித்தானா என்றும் கடைசியில் ஒரு கேள்வி. பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

சரித்திரம் படித்தவருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எஸ்டேட் எல்லாம் வெள்ளைக்காரர்கள் போட்டது என்பது அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காப்பி இந்தக் காட்டிலேயே இருந்தது, அவர்கள் அதை எடுத்து வரிசையாக நட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார். அவர் மட்டுமா, மலையில் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். மலைச் சனங்கள் கத்தி வைக்காத சாமிக்காட்டுக்குள் போய்ப் பாருங்கள், பெரிய மரங்களுக்கு அடியில் காட்டுக்காப்பி தானாக வளர்ந்து நிற்கும். யாரும் நடாத காட்டில் நிற்பது ஆதியிலிருந்தே நிற்பதாகத்தானே இருக்க வேண்டும்? பறவையும் மரநாயும் எஸ்டேட் பழத்தைத் தின்று விதையை அங்கே போட்டிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோறு போடுகிற செடிக்கு எவன் பிறந்த தேதி கேட்பான்?

அண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சேலத்துக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். "அவர் சொல்றது சரிதான் பாப்பா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அது காப்பிப்பூன்னு நீங்க எங்க எழுதுனீங்க? மலைமுல்லைன்னுதானே எழுதியிருக்கு? அது என் கற்பனைப் பூவு, உமக்கென்ன வந்துச்சுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்கண்ணா" என்றேன்.

"என்னையப் பொய்ச் சாட்சி சொல்லச் சொல்றியா? நான் கண்ணுல பாத்து, மூக்குல மோந்து எழுதுனது காப்பிப்பூ. பேரை மாத்துனா ஆச்சா?"

"கதைதானேண்ணா!"

"கதைதான். அதுக்கோசரம்?"

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். பத்திரிகை ஆசிரியர் தவறு சகஜம் என்று தேறுதல் சொல்லி அடுத்த தொடரைக் கேட்டார். இதைத் திருத்தாமல் இன்னொன்றைத் தொடுவதில்லை என்று அண்ணன் பதில் எழுதிவிட்டார். எழுத்தாளர் வட்டாரத்தில் அவருக்குக் 'காப்பிப்பூ ஆசிரியர்' என்று பெயர் விழுந்ததும் எங்கள் காதுக்கு வந்தது. சொன்னவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, நான்கு நாளில் மறந்திருப்பார்கள். மானஸ்தனுக்கு அது நெருஞ்சி முள். அண்ணன் சிரித்தபடி கேட்டுக்கொண்டார், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பூவைத் தேடினார். மலையில் ஒரே சமயத்தில் பூத்துச் சில நாளில் உதிர்கிற, சோழர் காலத்திலும் இருந்திருக்கக்கூடிய ஒரு பூ வேண்டும். நான் குறிஞ்சியைச் சொன்னேன். "என்ற கொலைகாரனுக்குப் பன்னெண்டு வருஷம் பொறுமை கெடையாது பாப்பா" என்றார். அந்த ஒரு முறைதான் இந்த விஷயத்தில் அவர் நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது. கடைசியில் ஒரு கோடையில் காயாம்பூவைப் பிடித்தார். கிளையெல்லாம் நீலமாகப் பூத்து, மரத்தடியே நீலமாக உதிர்ந்து கிடந்ததாம். பழைய பாட்டுகளிலேயே பேர் உள்ள பூ. அதற்கு அந்த மணம் இல்லை. ஆகவே மூக்கு சொன்ன சாட்சியை எல்லாம் கண் சொன்ன சாட்சியாக மாற்றி, தலைப்பாகையில் ஒட்டியது நீல இதழ் என்று கதையின் அந்தப் பகுதிகளைத் திரும்ப எழுதினார். இந்த வேலைக்கே சில வருடம் போயிற்று. கதையை நூலாகப் போட ஒப்புக்கொண்டிருந்த பதிப்பாளர் அதற்குள் ஆர்வம் இழந்திருந்தார். "பேர் கெட்ட கதையைத் திரும்ப எதற்குக் கிளற வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். நூல் வரவே இல்லை.

இதோடு விட்டிருக்கலாம். அண்ணன் விடவில்லை. நூல் வரவில்லையே தவிர, கதை வீடுகளில் இருந்தது. வாராவாரம் தொடரின் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைத்துக்கொள்வது அப்போதைய வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மலையில் அப்படிச் சேர்த்தவர்கள் எல்லாரும் அண்ணனிடம்தான் பக்கங்களைக் கொடுப்பார்கள். அவர் எஸ்டேட் வேலையாகச் சேலம் போகும்போது பைண்டு செய்து கொண்டுவந்து கொடுப்பார். ஆகவே எந்த எந்த வீட்டில் 'மலைமுல்லை சாட்சி' இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

திருத்திய பகுதிகளைப் பத்திரிகைப் பக்கத்தின் பத்தி அளவுக்கே துண்டு துண்டாகச் சேலத்தில் அச்சடித்து வாங்கினார். ஓய்வு நாட்களில் அந்தத் துண்டுகளையும் ஒரு டப்பாவில் மைதாப் பசையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வீடு வீடாகப் போய், பைண்டு செய்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தான் எழுதியதன்மேல் தானே ஒட்டினார். உலகத்தில் எந்த எழுத்தாளராவது இப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊரில் சில பேர் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசியதும் உண்மை.

வாழவந்திக்கு ஒருமுறை நானும் துணைக்குப் போனேன். மழைக்காலம், பாதையெல்லாம் வழுக்கல். எங்களுக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அண்ணன் பசை தடவுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பூவ மாத்திப்போட்டா கொன்ன ஆளு மாறிருவானுங்களா?"

"இல்லீங்க, அதே தளபதிதான்."

"பூதன் கண்டுபுடிக்கறது?"

"அதுவும் மாறாதுங்க."

"அப்புறம் எதுக்குங்க இந்த மழைல பஸ்ஸேறி வந்தீங்க? நொம்ப நனைஞ்சு போயிட்டீங்களே."

அண்ணன் ஒட்டிய இடத்தைத் தோள்துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார். அவர்கள் வீட்டுப் பலாச்சுளையைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் திரும்பினோம். பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன், இந்த அலைச்சலில் இன்னும் நான்கு கதை எழுதியிருக்கலாமே, ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று. "கதை வரலையே பாப்பா. உக்காந்தா அந்தப் பூவுதான் கண்ணுக்கு முன்னால வருது" என்றார். அதைச் சொன்னபோது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து வருடத்துக்கும் மேலாக இப்படியே போயிற்று. இதற்கிடையில் அண்ணன் மற்ற கடமைகளில் ஒரு குறை வைத்ததில்லை. ரைட்டர் வேலையில் ஒரு கூலியாளின் அரை நாளைக் கூட மறந்தவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார். என் பெண்ணின் கல்யாணத்துக்குப் பந்தல் முதல் பந்தி வரை அவர்தான் ஓடினார். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். எல்லாருடைய தப்பையும், "போகட்டும் உடு, அவனுக்கு அன்னிக்குத் தெரியல" என்று மன்னித்துவிடுவார். அப்பாவை ஏற்றிச் சென்ற லாரி டிரைவரையே மன்னித்தவர். தன்னிடம் மட்டும் அவ்வளவு கறாராக இருந்தார்.

போன வருடத்துக்கு முந்திய மழைக்காலத்தில் மூச்சிரைப்பு ஆரம்பித்தது. இருதயம் வீங்கியிருப்பதாகச் சேலத்தில் சொன்னார்கள். நர்ஸ் ஆனதால் அந்த மருத்துவச் சீட்டைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அண்ணியிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்றார்கள். மலைக்குத் திரும்பியதும் அண்ணன் சாய்வு நாற்காலியிலேயே பகலைக் கழித்தார். படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதும் கேட்டது ஒன்றைத்தான். "கொட்டச்சேட்டுல ஒரு வீடு பாக்கி பாப்பா. சின்னப்பொண்ணு ஊடு. அவ மகளோட வயநாட்டுப் பக்கம் போயிட்டா. வந்தா நீ போயி ஒட்டிருவியா?" ஒட்டுகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். நடுவழியில் அண்ணனுக்கு மூச்சு முட்டியபோது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை நிறுத்தி, தன் தோளில் சாய்த்து வைத்துக்கொண்ட டிரைவர் தம்பிக்கு எங்கள் நன்றி. கடைசிவரை குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லாத எஸ்டேட் முதலாளி குடும்பத்துக்கு நன்றி. சேலத்து ஆஸ்பத்திரியில் அண்ணனின் கால் வீக்கத்தை முகம் சுளிக்காமல் பார்த்த சகோதரிகளுக்கு நன்றி. நோயில்பூசுதல் கொடுக்க மழையில் நடந்தே வந்த பங்குச் சாமியாருக்கு நன்றி. குழி வெட்டியவர்கள், பாட்டுப் பாடியவர்கள், ஒரு வாரம் அடுப்பு பற்றவைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்து வீட்டார், யாரையும் நாங்கள் மறக்கவில்லை. எல்லாருக்கும் மேலாக, பகலில் உறங்காமல் இரவிலும் உறங்காமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட எங்கள் அண்ணிக்கு நான் எப்படி நன்றி சொல்வது? அவரிடம் இந்த வரியைக் காட்டினால் அடிக்க வருவார்.

கடைசியாகச் சின்னப்பொண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். அண்ணனுக்கு முடியவில்லை என்று வயநாட்டில் கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி வந்தாள். இளைத்துப்போய்த் தலை நரைத்திருந்தாள். பழைய புடவைத் துணியில் சுற்றி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்க ஊடு ஊடாப் போயி பூவு மாத்தறீங்கன்னு சொன்னாங்க. என்ற ஊட்டுக்கு உங்களால வர முடியாதுன்னு நானே எடுத்தாந்துட்டனுங்க. ஒட்டிக்குங்க ரைட்டரய்யா."

நான் உள்ளே போய்த் துண்டுகளை எடுத்துவந்து, கொஞ்சம் மைதாவைக் காய்ச்சிக் கொண்டு வந்தேன். பக்கத்தைப் பிரித்து வைத்தேன். பழைய காகிதம் பழுத்துப்போயிருந்தது.

"ஒட்டறதுக்கு முன்னால அதை ஒரு தரம் படி பாப்பா" என்றார் அண்ணன். இத்தனை வருடத்தில் அவர் அந்த வரிகளைக் காதால் கேட்க விரும்பியதே இல்லை. எந்த வீட்டிலும் இடத்தைப் பார்த்துக்கொண்டதும் வரிகளின்மேல் கண் ஓட்டாமல் அவசரமாகப் பசை தடவிவிடுவார். நான் படித்தேன்.

"மழை பெய்த சில நாளில் மலை வெளுத்தது. சரிவெங்கும் மலைமுல்லை ஒரே மூச்சில் பூத்திருந்தது. அந்த மணத்தில் தேனீக்கும் வழி தப்பியது. இன்று மலையேறியவன் எவனாயினும் அவன் மேனியே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்று எண்ணிக்கொண்டு பூதன் கீழே இறங்கினான்."

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன், இல்ல?" என்றார்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. அன்னிக்கே ஷெட்டுல நாங்க அத்தன பேரும் சொன்னமுங்களே" என்றாள் சின்னப்பொண்ணு.

"ஒட்டாத பாப்பா. அப்படியே இருக்கட்டும். அன்னிக்கு எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

பசைக் கிண்ணத்தோடு நான் அப்படியே நின்றேன். சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை. அண்ணி கதவருகில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து, சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"ஒரு நடுகல்லு இருக்குது. வீரன் இருக்கான், வில்லு இருக்குது, காலடியில நாய் கூட இருக்குது. பேரு இருக்க வேண்டிய எடத்தை மட்டும் ஆரோ வேணும்னே செதுக்கி எடுத்திருக்காங்க. பூதன் வந்து அதைப் பாக்கறான்."

பத்து வருடத்துக்குமேல் கழித்து அண்ணன் கதை சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. சின்னப்பொண்ணு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்த வீரனின் தம்பி வருகிறான், மாமன் வருகிறான், கல்லுக்குத் தினமும் பூ வைக்கும் ஒரு பெண் வருகிறாள். விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி, மாலை வரை சொன்னார். பேசாதீர்கள் என்று சொல்ல வேண்டிய நர்ஸ் நான், சொல்லவில்லை. எனக்கும் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"தம்பிக்காரன்தானுங்களே கொன்னது?" என்றாள் சின்னப்பொண்ணு.

"அவசரப்படாத சாமி. நாளைக்குச் சொல்றேன்" என்று சிரித்தார்.

மறுநாள் காலையில் அண்ணி எழுப்பப் போனபோது அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தார்.

அன்னிக்குத் தெரியவில்லை, போகட்டும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்ன மனிதர், அந்த ஒரு வார்த்தையைத் தனக்குத்தானே கொஞ்சம் முன்னால் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாதா? எத்தனை கதை உள்ளே இருந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பிற்பகல்.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர், குழியோரம் ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு கத்தியதைக் கேட்டிருப்பீர்கள். என்ன சொல்லி அழுதாள் என்று பிறகு என்னிடம் கேட்டீர்கள். அது சின்னப்பொண்ணு. "கொன்னது ஆருன்னு சொல்லாமயே போறீங்களே ரைட்டரய்யா! ஆருன்னு சொல்லிட்டுப் போங்க! ஆருன்னு சொல்லிட்டுப் போங்க!" என்றுதான் அழுதாள்.

எங்களுக்கும் தெரியாது.

அண்ணனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக உங்களோடு சேர்ந்து மன்றாடும்,
தங்கை.